காவிரிப் படுகையின் கோடைக் கலைகளும் திருவிழாக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்தால் போதும், வெளியூரில் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்: மெலட்டூர் நாடகம் எப்போது, ஏழூர்ப் பல்லக்கை எந்த ஊரில் நின்று பார்ப்பது, குழந்தைகளை அழைத்து வரலாமா, இரவில் திரும்பப் பேருந்து இருக்குமா. ஆண்டுதோறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்த பதில்களை, தஞ்சாவூரையும் திருவையாற்றையும் சுற்றிய பகுதியை மையமாக வைத்து இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

கொளுத்தும் வெயிலில் ஏன் இத்தனை விழாக்கள்? மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொண்டால் வசதியாக இருக்குமே?

நகரத்துச் சபாக்களுக்கு மார்கழி வசதியாக இருக்கலாம். டெல்டாவில் மார்கழியில் சம்பாப் பயிர் வயலில் நிற்கும். தையில் அறுவடை தொடங்கி மாசி வரை நீளும். அறுவடையை ஒட்டி வயல் ஈரத்திலேயே தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் வீடு வந்து சேர்ந்துவிட்டால், மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வரை வயலில் வேலை இல்லை. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. ஆகவே சித்திரையும் வைகாசியும்தான் கையில் சிறிது பணமும் நிறைய நேரமும் உள்ள மாதங்கள். பந்தல் போடக் காலி வயல் உண்டு, வண்டிகளை நிறுத்தக் களம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, வற்றிக்கிடக்கும் ஆறு உண்டு. காவிரி மணற்பரப்பாகக் கிடப்பதால்தான் பல்லக்குகள் ஆற்றுக்குள் இறங்கி அக்கரை ஏற முடிகிறது. இந்தப் பகுதியின் விழா நாட்காட்டியைப் பஞ்சாங்கம் பாதி எழுதியது, ஆறு பாதி எழுதியது என்பது என் எண்ணம்.

அப்படியானால் தேதிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி?

ஆங்கிலத் தேதியை நம்ப வேண்டாம். பெரும்பாலான விழாக்கள் நட்சத்திரத்தையோ திதியையோ ஒட்டியவை. திருமழபாடி நந்தி திருமணம் பங்குனிப் புனர்பூசத்தில் நடைபெறுகிறது. திருவையாற்று ஏழூர் விழா சித்திரை விசாகத்தில். மெலட்டூர் நாடகங்கள் நரசிம்ம ஜெயந்தியில் தொடங்குகின்றன. நரசிம்ம ஜெயந்தி பெரும்பாலும் மே மாதத்தில் வரும், ஆனால் தமிழ்க் கணக்கில் சில ஆண்டுகளில் சித்திரையிலும் சில ஆண்டுகளில் வைகாசியிலும் விழும். தெருமுனையில் விற்கும் பாம்புப் பஞ்சாங்கம் ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டால் ஓராண்டுக்குத் தேவையான விவரம் அதிலேயே கிடைத்துவிடும். ஆயினும் புறப்படும் முன் அந்தந்தக் கோயிலில் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது. திருப்பணி நடக்கும் ஆண்டில் சில உற்சவங்கள் சுருக்கப்படுவதுண்டு.

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையும் கோடையில்தானே?

இல்லை. அது புஷ்ய பகுள பஞ்சமியில், பெரும்பாலும் ஜனவரியில் நடைபெறுவது. அந்த ஐந்து நாளும் ஊர் கொள்ளாத கூட்டம். சித்திரையில் அதே ஊர் முற்றிலும் வேறொன்றாக இருக்கும்.

மெலட்டூர் பாகவத மேளா என்பது என்ன?

தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், பாபநாசம் வட்டத்தில் உள்ள சிற்றூர் மெலட்டூர். அங்கு வரதராசப் பெருமாள் கோயிலின் முன் தெருவிலேயே மேடையிட்டு, இரவு முழுவதும் ஆடிப்பாடி நடிக்கப்படும் இசை நாட்டிய நாடகத்துக்குப் பாகவத மேளா என்று பெயர். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த 510 பிராமணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார் என்பது ஊரார் இன்றும் சொல்லும் வரலாறு. அந்த மரபில் வந்த மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி, தியாகராஜருக்குச் சற்று முந்தியோ அவர் காலத்திலோ வாழ்ந்தவர். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், அரிச்சந்திர நாடகம், மார்க்கண்டேய சரித்திரம், ருக்மாங்கத நாடகம் முதலிய நாடகங்களைத் தெலுங்கில் இயற்றினார். ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தி இரவில் பிரகலாத சரித்திரம் கட்டாயம் உண்டு. அதைத் தொடர்ந்து வரும் இரவுகளில் மற்ற நாடகங்களுள் சில நடைபெறும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கலை நலிந்திருந்த வேளையில், பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிராட்டத்தைக் காப்பாற்றப் பெண் வேடமிட்டு மேடையேறிய வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யரும் இதை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இப்போது அதே ஊரில் இரண்டு குழுக்கள் தனித்தனியே நாடகம் போடுகின்றன. எது அசல் என்று எவரையும் கேட்டுவிடாதீர்கள். இரண்டும் அசல்தான், இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாடகம் தெலுங்கில் என்கிறீர்கள். தெலுங்கு தெரியாதவருக்குப் புரியுமா?

பார்க்க வருவோரில் பெரும்பாலோர் தெலுங்கு பேசத் தெரியாத தமிழர்களே. நாயக்கர் அரசவையில் தெலுங்கே இலக்கிய மொழியாக இருந்தது; அவர்களுக்குப் பின் வந்த மராட்டிய மன்னர்களும் அதைக் கைவிடவில்லை. தஞ்சையில் தமிழர் இயற்றிய கீர்த்தனைகளிலேயே பல தெலுங்கில் இருப்பதற்கும் அதுவே காரணம். பிரகலாதன் கதையை அறியாத குழந்தை இங்கே இல்லை. கதை தெரிந்துவிட்டால், மீதியை இராகம் சொல்லிவிடும். புறப்படும் முன் வீட்டில் கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். வசனத்தை வரிவரியாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் நடிப்பைத் தவறவிடுவீர்கள்.

பிரகலாத சரித்திரம் நடக்கும் இரவு எப்படிப் போகும்? முழுவதும் விழித்திருக்க வேண்டுமா?

நாடகம் இரவு உணவு நேரத்துக்குப் பிறகு தொடங்கும். முதலில் கோமாளித் தொப்பியுடன் கோணங்கி துள்ளிக்கொண்டு வந்து, சபையை அமைதிப்படுத்துவதாகச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைப்பார். பின்னர் யானைமுகம் அணிந்த சிறுவன் ஒருவன் பிள்ளையாராக வந்து ஆடி அருள் தருவான். அதன் பின்னரே கதை. ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய ‘பாத்திரப் பிரவேச தரு’ என்னும் நுழைவுப் பாட்டு பாடப்படும்போது திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்படும். திரை என்பது இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிற்கும் துணிதான். இரணியன் வரும்போது மட்டும் அந்தத் துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சி முதலில் தெரியும், சலங்கையொலி கேட்கும், ஆனால் முகம் உடனே தெரியாது. முன்வரிசைக் குழந்தைகள் பாயில் பின்னோக்கி நகர்வார்கள்.

நள்ளிரவுக்குப் பின் பிரகலாதனின் தாய் லீலாவதி மகனுக்காக உருகும் காட்சிகள் நிதானமாக நகரும். முதல்முறை போனபோது அங்கேதான் நான் உறங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் விசிறிக் காம்பால் தோளில் தட்டி, “எழுந்திரு தம்பி, தூண் வரப்போறது” என்று எழுப்பினார். அவர் எழுப்பியிராவிட்டால் அந்த இரவு எனக்கு வீணாகியிருக்கும்.

ஏனெனில் நாடகத்தின் உயிர் விடியலுக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. நரசிம்மர் அணியும் முகம் வெறும் ஒப்பனைப் பொருளன்று. ஆண்டு முழுவதும் வழிபாட்டில் இருப்பது. அதை அணிபவர் அன்று விரதம் இருப்பார். அவர் மேடைக்கு வந்ததும் பார்வையாளர் பலர் எழுந்து கைகூப்புவதைக் காணலாம். இரணியன் அவரை இகழ்ந்து பேசப்பேச, முகம் தரித்தவரின் உடல் நடுங்கத் தொடங்கும். அவர் நிலைதடுமாறிப் பாய்ந்துவிடாதபடி நாலைந்து பேர் இறுகப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிடியில் நடிப்பு எவ்வளவு, ஆவேசம் எவ்வளவு என்பதை அருகில் இருந்து பார்த்தும் என்னால் பிரித்தறிய முடிந்ததில்லை. குழந்தைகளையோ முதியோரையோ அழைத்து வந்தால் மாலையில் நன்றாக உறங்க வைத்து அழைத்து வாருங்கள். முற்பகுதியைக் காண இயலாவிட்டாலும் பிற்பகுதியைத் தவறவிடாதீர்கள்.

நடிகர்கள் யார்? பெண்கள் நடிப்பதில்லையா?

மரபுப்படி ஆண்களே எல்லா வேடங்களையும் ஏற்கிறார்கள்; லீலாவதியும் சந்திரமதியும் உஷையும் ஆண்களே. இவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். தந்தை போட்ட வேடம் மகனுக்கு வருவது வழக்கம் என்பதால், சென்னையிலும் பெங்களூரிலும் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் இதற்கென விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, ஒத்திகை பார்த்து, ஊதியம் கருதாமல் ஆடிவிட்டுத் திரும்புகிறார்கள். இதைப் பெருமாளுக்குச் செய்யும் கைங்கரியமாகவே அவர்கள் கருதுகிறார்கள். பெண்களுக்கு இடமில்லாதது குறித்து விமர்சனம் உண்டு. பெரிய கோயிலில் ஒரு காலத்தில் தேவரடியார்கள் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை ஆடிய அதே தஞ்சை வட்டாரத்தில் இப்படி ஒரு மரபும் இணையாக நின்றதை எண்ணும்போது, அந்த விமர்சனத்தை எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. குறவஞ்சி ஆட்டம் நின்றுபோயிற்று. இது மட்டும் நீடிக்கிறது.

மெலட்டூரில் மட்டும்தான் இந்த நாடகம் உண்டா?

சாலியமங்கலத்திலும் தேப்பெருமாநல்லூரிலும் பாகவத மேளா மரபு உண்டு. ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர் ஆகிய ஊர்களிலும் முன்பு நடந்துவந்தது. சாலியமங்கலத்துக்குத் தஞ்சாவூர்–திருவாரூர் இரயில் பாதையில் நிலையம் இருப்பதால் போய்வருவது எளிது. கூட்டமும் மெலட்டூரைவிடக் குறைவு.

பாகவத மேளாவைக் காண வருபவர்களில் பெரும்பாலோர் அறியாமல் போவது, அதே கதையைத் தமிழில் ஆடும் இரணிய நாடகம். தஞ்சாவூர் மாவட்டத்து ஆர்சுத்திப்பட்டு இதற்குப் பெயர் பெற்ற ஊர். உழவர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே வேடம் கட்டுகிறார்கள். ஒரே பாத்திரத்தை ஒருவருக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ஏற்று ஆடுவது இதன் தனிச்சிறப்பு. அக்கிரகாரத்துத் தெலுங்கு இரணியனையும் வயலோரத்துத் தமிழ் இரணியனையும் ஒரே கோடையில் பார்த்தால்தான் இந்தப் பகுதியின் நாடக வளம் முழுமையாகப் பிடிபடும். முன்னதைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. பின்னதைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

ஏழூர்ப் பல்லக்கு விழாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

இது ஒரு கல்யாணத்தின் தொடர்ச்சி. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் பங்குனியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம் நடைபெறும். “நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்” என்று சொல்லி, மணமாகாத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் அங்கே திரள்வார்கள். அந்தத் திருமணத்துக்குச் சுற்றியுள்ள ஊர்கள் உதவின என்றும், நன்றி தெரிவிக்கத் திருவையாற்றுச் சுவாமியான ஐயாறப்பர் புதுமணத் தம்பதியருடன் அந்த ஊர்களுக்குப் போய்வருகிறார் என்றும் ஐதிகம். திருப்பழனம் பழம் கொடுத்தது, திருச்சோற்றுத்துறை சோறு கொடுத்தது, திருவேதிக்குடி வேதியர்களை அனுப்பியது, திருப்பூந்துருத்தி பூக் கொடுத்தது, திருநெய்த்தானமாகிய தில்லைஸ்தானம் நெய் கொடுத்தது. ஊர்ப்பெயரிலேயே சீர்வரிசைப் பட்டியல் இருக்கிறது. திருவையாறும் திருக்கண்டியூரும் சேர்ந்து ஏழு ஊர்.

சித்திரை விசாகத்தன்று காலையில் கண்ணாடிப் பல்லக்கில் ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும், வெட்டிவேர்ப் பல்லக்கில் நந்தியும் சுயசாம்பிகையும் திருவையாற்றிலிருந்து புறப்படுவார்கள். ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர்ச் சுவாமி எதிர்கொண்டு அழைத்து, தாமும் ஒரு பல்லக்கில் சேர்ந்துகொள்வார். திருப்பழனத்திலிருந்து தென்கரைக்கும், பின்னர் திருப்பூந்துருத்தியிலிருந்து மீண்டும் வடகரைக்கும் ஆறு கடக்க வேண்டும். உச்சிவெயிலில் சூடேறிய மணலில் பல்லக்குத் தூக்கிகள் ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்க்கும்போது நமக்கே கால் சுடும். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோரும் பானகமும் அன்னதானமும் உண்டு. எவரும் பசியோடு நடக்க வேண்டியதில்லை.

எங்கே நின்று பார்ப்பது என்று கேட்டால், தில்லைஸ்தானம் என்பேன். இரவில் ஏழு பல்லக்குகளும் அங்கே கூடும்போது, ஆற்று மணலில் ஊர் ஊராக மக்கள் வட்டமிட்டு அமர்ந்து கட்டுச்சோறு பிரிப்பார்கள், வாணவேடிக்கை உண்டு, நாகசுரக்காரர்கள் அவசரமின்றி வாசிப்பது அந்த நேரத்தில்தான். புறப்பாட்டின் போது வாசிக்கும் மல்லாரியைக் கச்சேரி மேடையில் மட்டும் கேட்டிருப்பவர்கள், அதைத் திறந்தவெளியில் தவில் அதிர்வோடு கேட்க வேண்டும். இறுதியில் எல்லாப் பல்லக்குகளும் திருவையாற்றை அடைந்ததும் பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடும். அந்தப் பூப்போடும் பொம்மையைப் பார்ப்பதற்கென்றே குழந்தைகள் இரண்டு நாளும் தூக்கத்தைத் தொலைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

தஞ்சாவூர் நகரத்துக்குள்ளேயே இருக்கிறோம். அலையாமல் பார்க்க என்ன உண்டு?

நிறைய உண்டு. பெரிய கோயில் சித்திரைத் தேர், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நின்றுபோயிருந்து, 2015 முதல் மீண்டும் நான்கு இராச வீதிகளிலும் ஓடுகிறது. வைகாசித் திருவோணத்தில் நகரப் பெருமாள்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கருட வாகனத்தில் அணிவகுப்பார்கள். வைகாசி மூலத்தில், திருஞானசம்பந்தர் குருபூசையை ஒட்டி முத்துப்பல்லக்குகள் இரவில் வீதியுலா வரும். அன்று நாகசுர இரசிகர்கள் கீழவீதியிலிருந்து நகரமாட்டார்கள். பங்குனி, சித்திரையை ஒட்டிக் கோடியம்மன் கோயில் பச்சைக்காளியும் பவளக்காளியும் வீடுதேடி வருவதைக் காணலாம். நகரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் பல மாநிலக் கிராமியக் கலைக்குழுக்களை அழைத்து அவ்வப்போது நிகழ்ச்சிகள் நடத்துகிறது.

கட்டணம், போக்குவரத்து, தங்குமிடம்?

இங்கே சொன்ன கோயில் விழாக்களுக்கும் தெரு நாடகங்களுக்கும் கட்டணம் இல்லை. திருவையாற்றுக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி பேருந்து உண்டு. மெலட்டூருக்குப் போவதில் சிரமமில்லை, நள்ளிரவில் திரும்புவதுதான் சிரமம்; ஆகவே விடியும் வரை இருந்து முதல் பேருந்தில் ஏறுங்கள், அல்லது வாடகை வண்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ அறை எடுத்துக்கொண்டு போய்வருவதே உசிதம். அமர்வதற்கு ஒரு பாய் அல்லது சமுக்காளம், ஒரு விசிறி, கோடை மழை வந்தால் மூடிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லவும். அழைப்பிதழில் அச்சிட்ட நேரத்தைவிட ஒரு மணி நேரமேனும் தாமதமாகவே எல்லாம் தொடங்கும் என்பதை மனத்தில் கொள்க. ஒருமுறை நான் நேரத்தை நம்பி ஐந்து மணிக்கே போய், மேடைக்கு மூங்கில் கட்டுபவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வெயிலும் நெரிசலும் அச்சமூட்டுகின்றன. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி அம்மாத இறுதி வரை நீடிக்கும். அந்நாட்களில் முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் நான்கு வரை வெளியில் அலைவதைத் தவிர்க்கவும். பல்லக்குடன் நடப்பவர்கள் காலணி அணிவதில்லை. பழக்கமில்லாதவர்கள் அவர்களைப் பார்த்து மணலில் வெறுங்காலுடன் இறங்க வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் அலங்காரம் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்படப் பதினொரு பேர் இறந்தார்கள். தேரோ சப்பரமோ மின்கம்பியின் அடியில் கடக்கும்போது, மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையில் அதைத் தொட்டுக்கொண்டு நிற்காதீர்கள். குழந்தைகளைத் தள்ளியே நிறுத்துங்கள். தெரு ஈரமாக இருந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள்.

புகைப்படம், காணொளி எடுக்கலாமா?

வீதியில் எடுக்கலாம், கருவறையில் கூடாது. பாகவத மேளாவில் ஒளிவிளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். நரசிம்மர் வரும்போது கைப்பேசியை உள்ளே வைத்துவிடுவதே மரியாதை. உங்களுக்குப் பின்னால் இருக்கும் மூதாட்டி ஓராண்டு காத்திருந்து அந்த முகத்தைப் பார்க்க வந்திருப்பார், உங்கள் திரையைப் பார்க்க அல்ல.

ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு விழாக்கள் முடிந்துவிடுமா?

மேட்டூர் திறந்து சில நாட்களில் கல்லணையும் திறக்கப்படும். அதோடு உழவர்கள் குறுவைக்கு நாற்றங்கால் பார்க்கப் போய்விடுவதால், இரவு நாடகங்கள் அநேகமாக ஓய்ந்துவிடும். ஆனால் அணை திறப்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது: 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டு ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் வருமா வராதா என்பதே டெல்டா முழுவதும் பேச்சாக இருந்தது.

ஆடி 18 அன்று திருவையாற்றுப் படித்துறையிலும் திருவரங்கம் அம்மா மண்டபத்திலும் பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றி, காதோலை கருகமணியும் பழமும் பூவும் காவிரியில் விட்டு, முளைப்பாரியைக் கரைப்பார்கள். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்து கரையிலேயே உண்பார்கள். திருவரங்கத்தில் ஆடி மாதத்தில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளித் தங்கையாகிய காவிரிக்குச் சீர் கொடுப்பதும் உண்டு. நீராடுவோர் படித்துறையை விட்டு விலகி ஆழத்துக்குப் போகக் கூடாது. கோடையில் மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரிவதில்லை. குழந்தைகளுக்கு அன்று வேறு வேலை இருக்கும்: ஒரு சாண் உயரச் சப்பரத்தில் சாமி படம் வைத்து, நூல் கட்டி, ஆற்றங்கரை வரை தெருவெல்லாம் கடகடவென்று இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தச் சப்பரம் தஞ்சாவூர்க் கடைவீதியில் ஆடி பிறந்த முதல் வாரத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். பதினேழாம் தேதி போனால் நல்லதாகக் கிடைக்காது.